இரண்டா, ஐம்பதா? ஆலிவர் சாக்ஸின் வலக்கண் மெலனோமா: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

ஆண், வயது 72. லண்டனில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை நியூயார்க்கில் கழித்த நரம்பியல் மருத்துவர். பெயர் ஆலிவர் சாக்ஸ்.

நிகழ்வு ஆய்வில் நோயாளியின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. இங்கே மறைக்கத் தேவையில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து குறிப்பெடுத்து, 2010-ல் வெளிவந்த தம் நூலில் ஓர் அத்தியாயமாக அவரே அதை ஊரறியச் செய்துவிட்டார். பிறருடைய நோய்களை எழுதிப் பெயர்பெற்றவர், தம் நோயையும் அதே கண்டிப்போடு எழுதினார். கண் புற்றுநோய் பற்றிய பாடநூலில் கட்டியின் உயரம் இருக்கும், கதிரின் அளவு இருக்கும். அந்தக் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பது இருக்காது. இந்த நோயாளியிடம் அதுவும் கிடைக்கிறது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கண்ணில் புற்றுநோய் என்றதும் "கண்ணை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கும், கண்ணை வைத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து" என்றுதான் குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் போட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் கண் மெலனோமாவை, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் புற்றைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறு. கண்ணின் கதி வேறு, உயிரின் கதி வேறு. சாக்ஸின் பத்தாண்டு நோய் வரலாறு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது.

முதல் அறிகுறி

2005 டிசம்பர் 17, சனிக்கிழமை. காலையில் வழக்கம்போல் நீந்திவிட்டுத் திரையரங்குக்குப் போனார். முன்னோட்டக் காட்சிகள் ஓடும்போது பார்வையின் இடப்பக்கத்தில் ஏதோ படபடத்தது. ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ஒளிக்கோலங்கள் அவருக்குச் சிறுவயது முதலே பழக்கம். இதுவும் அதுதான் என்று முதலில் எண்ணினார்.

பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். படபடப்பு வலக்கண்ணில் மட்டும் இருந்தது. நரம்பியல் மருத்துவருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஒற்றைத் தலைவலியின் ஒளிக்கோலம் மூளையின் பின்புறத்தில் பிறப்பது. எந்தக் கண்ணை மூடினாலும் மற்றதில் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் தெரிகிறதென்றால் கோளாறு அந்தக் கண்ணில், அல்லது அதன் நரம்பில். சற்று நேரத்தில் திரை இருண்டபோது அந்த இடம் தணல்போல் கனன்று, ஓரங்களில் நிறங்கள் தெறித்தன. கூடவே பார்வையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்ததும் தெரிந்தது.

ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்க்கும் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இருந்தும் அதை யாரும் செய்வதில்லை. இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரு கண் மங்கிக்கொண்டே வந்ததைக் கண்ணாடிக் கடையில் தற்செயலாகத் தெரிந்துகொள்கிறவர்கள் ஏராளம். கண் மெலனோமாவில் வலி பொதுவாக இருக்காது, கண் சிவக்காது. எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கமான பரிசோதனையில் அகப்படுகிறவையும் நிறைய.

கண்ணுக்குள் கண்டது

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த கண் மருத்துவருக்கு, வலக்கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் கறுப்பான மேடொன்று தெரிந்தது. சில நாள்களில் சாக்ஸ், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டேவிட் ஏப்ராம்சனிடம் சென்றார். கண் புற்றுநோய்க்கென்றே வாழ்நாளைக் கொடுத்த மருத்துவர் அவர். நோய் உறுதியானது: கோராய்டு மெலனோமா.

கண் உருண்டையின் சுவர் மூன்று அடுக்கு. வெளியே வெள்ளையான கெட்டித் தோல், உள்ளே ஒளியை வாங்கும் விழித்திரை, இரண்டுக்கும் நடுவில் ரத்தக்குழாய்களும் நிறமிச் செல்களும் அடர்ந்த கோராய்டு. இந்த நடு அடுக்கு முன்புறம் நீண்டு, கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸாக முடிகிறது. மொத்தத்துக்கும் யுவியா என்று பெயர். இதிலுள்ள நிறமிச் செல்கள் கட்டின்றிப் பெருகுவதுதான் யுவியா மெலனோமா. பத்தில் ஒன்பது கோராய்டில் தோன்றும்.

கறுப்பாக மேடு தெரிந்தாலே மெலனோமா ஆகிவிடாது. வெள்ளையர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குக் கண்ணுக்குள் மச்சம் உண்டு. அவற்றில் புற்றாக மாறுவது ஆண்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. மச்சத்தை மெலனோமா என்று பயந்து கதிர்வீச்சு கொடுத்தால் நல்ல பார்வையைக் கெடுத்ததாகும். மெலனோமாவை மச்சம் என்று விட்டுவைத்தால் ஆளையே இழக்க நேரும். மருத்துவர் பார்க்கும் தடயங்கள் இவை: தடிப்பு 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா, விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதா, மேட்டின் மீது ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருக்கிறதா, பார்வை நரம்பை ஒட்டி இருக்கிறதா, நோயாளிக்கு அறிகுறி உண்டா. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மெலனோமா உள்ளீடற்றதுபோல் கறுத்துத் தெரியும். கோராய்டின் உள்சவ்வைக் கிழித்துக்கொண்டு வளர்ந்ததென்றால் காளான் வடிவம் வரும். காளான் வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வேறு இடத்துப் புற்றுநோய் கண்ணுக்கு வந்து தங்குவதும் உண்டு. பெரியவர்களின் கண்ணுக்குள் வரும் புற்றில் எண்ணிக்கையில் முதலிடம் உண்மையில் இதற்குத்தான். பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் வருவது அதிகம். அது வெளிறிய மஞ்சளாக, பெரும்பாலும் தட்டையாக இருக்கும். சில வேளை நுரையீரலில் புற்று இருப்பதைக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆரஞ்சு கலந்த சிவப்பாக உப்பியிருந்தால் ரத்தக்குழாய்க் கட்டி. அது புற்று அல்ல. வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிக் குளிர்ந்த லேசர் காட்டினால் சுருங்கிவிடும். எல்லாவற்றிலும் ஏமாற்றுக்கார நோய், நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமா கண்ணுக்குள் வருவது. கண் அழற்சி வேடத்தில் வந்து, ஸ்டீராய்டு கொடுத்தால் தணிவதுபோல் நடித்து, மாதங்களைத் தின்றுவிட்டு மூளையில் தலைகாட்டும்.

இவற்றையெல்லாம் விலக்கி மெலனோமா என்று முடிவுசெய்யப் பெரும்பாலும் திசு எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய கூட்டாய்வில் கண்ணால் பார்த்தும் ஸ்கேன் செய்தும் சொன்ன நோயறிதல் தவறிய விகிதம் அரை சதவீதத்துக்கும் கீழே. புற்றுநோய் மருத்துவத்தில் மிகச் சில இடங்களில்தான் இத்தனை துணிச்சலாகப் பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

யாருக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். வெளிர்நிறத் தோல், நீலம் அல்லது சாம்பல் கண், அறுபதை ஒட்டிய வயது. ஐரோப்பாவின் வடக்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் எட்டுப் பேருக்கும், தெற்கே ஸ்பெயின், தென் இத்தாலிப் பக்கம் இரண்டு பேருக்கும் வருகிறது. ஆசியாவில் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூட இல்லை.

கண்ணை எடுப்பதா, வைப்பதா

1970-கள் வரை பதில் சுலபம்: எடுத்துவிடுவது. 1978-ல் லோரென்ஸ் ஸிம்மர்மன் என்ற கண் நோய்க்கூறியல் வல்லுநரும் சகாக்களும் ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பினார்கள். கண்ணை எடுத்த பிறகு இரண்டாம் ஆண்டை ஒட்டி இறப்பு திடீரென்று ஏறுகிறதே, அறுவை சிகிச்சையே புற்றுச் செல்களைக் கிளறி ரத்தத்தில் விடுகிறதோ என்றார்கள். அந்தச் சந்தேகம் பின்னால் நிலைக்கவில்லை. ஆனால் எடுப்பதுதான் உயிர்காக்கும் என்ற நம்பிக்கையை ஆட்டிவிட்டது.

கேள்வியைத் தீர்க்க அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தியதுதான் முன்பு சொன்ன கூட்டாய்வு. நடுத்தர அளவுக் கட்டியுள்ள 1,317 பேரை 1987 முதல் 1998 வரை சேர்த்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குக் கண் எடுக்கப்பட்டது, மீதிப் பேருக்குக் கதிர்வீச்சுத் தகடு வைக்கப்பட்டது. 2001-ல் வந்த முடிவு: ஐந்தாண்டுகளுக்குப் பின் கண்ணை எடுத்தவர்களில் 81 சதவீதமும் தகடு வைத்தவர்களில் 82 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த முடிவைப் பலரும் "தகடும் அறுவையும் சமம், ஆகவே கண்ணைக் காப்பாற்றலாம்" என்று மகிழ்ச்சியோடு வாசித்தார்கள். அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, அது மகிழ்ச்சியானதல்ல. கண்ணையே முழுதாக எடுத்தும் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், மருத்துவர் பார்க்கும் நாளுக்கு முன்பே செல்கள் புறப்பட்டுப் போயிருக்க வேண்டும். பரவிய கட்டிகள் இரட்டிப்பாகும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட ஃபின்லாந்து ஆய்வாளர்கள், முதல் செல்கள் சிகிச்சைக்கு ஐந்தாண்டுகள் முன்புகூட வெளியேறியிருக்கலாம் என்றார்கள்.

சாக்ஸிடம் கேட்டபோது ஐயமே இருக்கவில்லை. பார்த்தலைப் பற்றியே எழுதி வாழ்ந்தவர் அவர். தகடு முடிவாயிற்று.

தகடு

2006 ஜனவரியில் அறுவை சிகிச்சை. கண்ணைத் திறந்து உள்ளே போவதில்லை. கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், கண்ணின் வெள்ளைச் சுவர்மீது சட்டைப் பொத்தான் அளவுள்ள குழிந்த தகட்டை வைத்துத் தைப்பார்கள். தகட்டின் முதுகு தங்கம். வயிற்றுப்புறத்தில் அரிசியைவிடச் சிறிய விதைகளில் கதிரியக்க அயோடின்-125. தங்கம் பின்பக்கம் போகும் கதிரைத் தடுத்துவிடுகிறது, முன்பக்கம் கட்டிக்குள் பாய்கிறது. கூட்டாய்வில் கட்டியின் உச்சிக்குக் கொடுத்த அளவு 85 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு). உடல் முழுதும் ஐந்து கிரே பட்டாலே மனிதர் பிழைப்பது அரிது. அதைப்போல் பதினேழு மடங்கை ஒரு பட்டாணி அளவு இடத்தில் அடைத்து வைக்கிறார்கள். சில நாள்கள் கழித்துத் தகட்டை எடுத்துவிடுவார்கள். சாக்ஸுக்கு, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் தசை குறுக்கே இருந்ததால் அதை வெட்டி விலக்கி, தகட்டை எடுக்கும்போது மறுபடி தைத்தார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. 1930-ல் லண்டனில் ஃபாஸ்டர் மூர் என்ற மருத்துவர் ரேடான் விதை ஒன்றைக் கட்டிக்குள்ளேயே செருகினார். பிறகு ஸ்டாலர்ட் கோபால்ட் தகடுகளைக் கொண்டுவந்தார், கிழக்கு ஜெர்மனியில் லொம்மாட்ஷ் ருத்தேனியம்-106 தகடுகளை. பாஸ்டனில் 1975 முதல் புரோட்டான் கற்றையாலும் இதே வேலையைச் செய்கிறார்கள். ருத்தேனியத்தின் கதிர் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, ஆகவே உயரமான கட்டிக்கு உதவாது. ஆனால் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஓராண்டுக்குச் சற்று மேல் என்பதால் ஒரே தகட்டைப் பல நோயாளிகளுக்கு வைக்கலாம். அயோடினுக்கு அறுபது நாள்தான். நம் நாட்டுக்கு இந்த வேறுபாடு பணத்தோடு தொடர்புடையது. வெளிநாட்டுத் தகடுகளின் விலைக்கு மாற்றாகப் பாபா அணு ஆராய்ச்சி மையம் அயோடின் விதைகளை இங்கேயே செய்தது. சென்னை சங்கர நேத்ராலயா அவற்றைப் பயன்படுத்தியது. பின்னர் அணு உலைக் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்தெடுத்துத் தகடுகளையும் பாபா மையம் செய்யத் தொடங்கியது.

கண்ணின் கணக்கு

சாக்ஸின் கட்டி, கூர்மையான பார்வைக்குரிய மையப் புள்ளியை ஒட்டியே இருந்தது. இங்கே கதிர்வீச்சு இரண்டையும் பிரித்துப் பார்க்காது. புற்று சாகும், பக்கத்து விழித்திரையின் நுண்ரத்தக்குழாய்களும் மெல்ல அடைபடும். கூட்டாய்வில் தகடு வைத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகளுக்குள் அந்தக் கண்ணின் பார்வை 20/200-க்கு இறங்கியது; அதாவது பார்வை அட்டையின் மேல்வரிப் பெரிய எழுத்து மட்டும் தெரியும் நிலை.

அவருக்கும் அதுவே நடந்தது, படிப்படியாக. முதலில் வடிவங்கள் கோணின: நேர்கோடு வளைந்தது, முகங்கள் ஒருபக்கம் இழுபட்டன. கட்டியின் ஓரம் அடங்காததால் லேசர் சிகிச்சைகள் தொடர்ந்தன. 2007-ல் மையப் பார்வை போயிற்று. 2009 செப்டம்பரில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, ஓரத்தில் மிஞ்சியிருந்த பார்வையையும் மறைத்தது.

இந்த இடத்தில் அவருடைய குறிப்புகள் எந்த மருத்துவ அறிக்கையையும் மிஞ்சுகின்றன. பார்வையில் விழுந்த ஓட்டை கறுப்பாக இருக்கும் என்றே நாம் நினைப்போம். அப்படி இல்லை என்கிறார். வானத்தைப் பார்த்தால் ஓட்டை நீலமாகிவிடுகிறது, செங்கல் சுவரைப் பார்த்தால் செங்கல்லால் நிரம்புகிறது. மூளை சுற்றியிருப்பதைப் பார்த்துப் பொய்யாக நிரப்பிக்கொள்கிறது. ஓட்டையைத் தம் கால்மீது பொருத்தி முழங்காலுக்குக் கீழே "வெட்டிவிட்டு", பாதத்தை ஆட்டினால் இல்லாத கால் நிழலுருவாக வளர்வதைக் கவனித்து எழுதினார். புற்றுநோயாளி ஒருவர் தம் குருட்டுப் புள்ளியோடு விளையாடிப் பார்த்து, அதைப் பதிவும் செய்தது எனக்குத் தெரிந்தவரை இதுவே.

அவருக்குப் பெரிய இழப்பு கூர்மை அல்ல, ஆழம். முப்பரிமாணப் படங்களில் வாழ்நாள் பித்துக் கொண்டவர். நியூயார்க்கில் அதற்கென இருந்த சங்கத்தில் உறுப்பினர். இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு போனதும் படிக்கட்டுகள் தரையில் இழுத்த கோடுகளாகத் தெரிந்தன. ஒரு கண் போனவருக்கு "மற்ற கண்தான் நன்றாக இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்லும் நாமும், பல மருத்துவர்களும், இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மாடிப்படியும் சாலையைக் கடப்பதும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதும் புதிதாகக் கற்க வேண்டியவை என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆக, கண்ணின் கணக்கில் வரவு குறைவு. கண் இருந்தது, பார்வை போனது. இருந்தும் தகடு தவறான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கண் ஏதோ ஓரளவு பார்த்தது. வேறு எதை விலையாகக் கொடுத்திருந்தாலும் அது கிடைத்திருக்காது.

அதே மருத்துவரின் குழந்தை நோயாளிகள்

சாக்ஸுக்குத் தகடு வைத்த அதே 2006-ல் ஏப்ராம்சனும் பியர் கோபின் என்ற நரம்புக் கதிரியக்க வல்லுநரும் நியூயார்க்கில் வேறொரு முயற்சியைத் தொடங்கினார்கள். தொடையில் நுழைத்த மெல்லிய குழாயைக் கழுத்து வழியாகக் கண்ணுக்குப் போகும் தமனியின் வாய்வரை செலுத்தி, மெல்ஃபலான் என்ற மருந்தை அங்கேயே விட்டார்கள். ஜப்பானியர்கள் முன்பே இதற்கு வழி காட்டியிருந்தார்கள். நோய் ரெட்டினோபிளாஸ்டோமா, குழந்தைகளின் விழித்திரைப் புற்று.

தமிழ் வாசகருக்கு மெலனோமாவைவிட இதுதான் தெரிந்திருக்க வேண்டிய நோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருகிறது. தோலின் நிறம், நாடு, இனம் எதையும் பார்ப்பதில்லை; குழந்தைகள் அதிகமுள்ள நாட்டில் நோயும் அதிகம், ஆகவே இந்தியாவில் அதிகம். பாவைக்குள் வெள்ளையாகப் பளிச்சிடுவதும் மாறுகண்ணும்தான் முதல் அடையாளங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால் அதே வாரத்தில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வதும், மாறுகண்ணை ராசி என்று கொள்வதும் இங்கே ஆபத்து.

மெலனோமாவோடு ஒப்பிட்டால் எல்லாம் தலைகீழ். அங்கே ஊசியால் திசு எடுக்கலாம். இங்கே கண்ணில் ஊசி குத்திப் பயாப்சி செய்யவே கூடாது, செல்கள் வெளியே கசிந்துவிடும். அங்கே கண்ணை எடுப்பது உயிரைக் காப்பதில்லை. இங்கே புற்று கண்ணுக்குள் இருக்கும்வரை எடுத்தால் குழந்தை பிழைத்துவிடும். அங்கே கதிர்வீச்சு முதல் வழி. இங்கே வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார்கள், ஏனெனில் ஆர்பி-1 மரபணுவின் கோளாற்றோடு பிறந்த குழந்தைக்கு அது பிற்காலத்தில் வேறு புற்றுகளைக் கொண்டுவருகிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் நோய் என்று 1971-ல் ஆல்ஃபிரட் நட்ஸன் கணக்குப் போட்டே சொன்னார். மரபணு கைக்கு அகப்பட்டது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து.

இன்று நரம்பு வழி கீமோ, கண் தமனி வழி கீமோ, கண்ணுக்குள் நேரே ஊசி, லேசர், குளிர்ச்சி சிகிச்சை என்று கண்ணைக் காக்கப் பல வழிகள். வசதியான நாடுகளில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைக்கின்றன. ஆனால் 153 நாடுகளின் 4,351 குழந்தைகளைத் திரட்டி 2020-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது இது: பணக்கார நாடுகளில் சராசரியாக 14 மாதத்தில் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, ஏழை நாடுகளில் 30 மாதத்தில். நோய் கண்ணைத் தாண்டிய நிலையில் வந்தவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்றரை, ஏழை நாடுகளில் 49. மருந்து இல்லாததைவிட அந்தப் பதினாறு மாதங்கள்தான் குழந்தைகளைக் கொல்கின்றன.

நம் ஊர் மருத்துவமனைகளில் பெரியவர்களிடம் பார்ப்பதோ கண்ணின் வெளிப்புறக் கட்டிகளை. மேலைநாட்டில் இமைப் புற்றென்றால் பேசல் செல் புற்று. இந்தியாவில் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் செபேஷியஸ் புற்றும் அதற்கு ஈடாக, சில இடங்களில் மிஞ்சியும் வருகிறது. அது இமைக்கட்டிபோலவே இருந்து ஏமாற்றும். வயதானவருக்கு ஒரே இடத்தில் இமைக்கட்டி திரும்பத் திரும்ப வந்தால், கீறிவிட்டு அனுப்பாமல் திசுவைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கண்ணின் வெள்ளைப் பரப்பில் கருவிழி ஓரமாகச் சதைபோல் தடித்து வருவது இன்னொன்று. வெயிலும் எச்.ஐ.வி. தொற்றும் அதற்குக் காரணங்கள். கட்டியைத் தொடாமல் சுற்றி வெட்டி எடுத்து, ஓரத்தை உறையவைத்து, தேவையானால் மைட்டோமைசின் அல்லது இன்டர்ஃபெரான் சொட்டு விடுவார்கள். இதை வெறும் சதை வளர்ச்சி என்று எண்ணி மேலோட்டமாகச் சுரண்டிவிடுவதால்தான் மறுபடி வருகிறது.

கல்லீரல்

சாக்ஸுக்கு வருவோம். 2015 ஜனவரியில், தகடு வைத்து ஒன்பதாண்டுகள் கழித்து, கல்லீரலில் பல இடங்களில் மெலனோமா இருப்பது தெரிந்தது. கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை, அதனால் செல்கள் ரத்தத்தின் வழியாகத்தான் வெளியேறும். பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் இருக்கும். ஏன் கல்லீரலையே தேடிப் போகிறது என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை.

பிப்ரவரியில் கல்லீரல் தமனிக்குள் நுண்மணிகளைச் செலுத்திக் கட்டிகளுக்கான ரத்தத்தை அடைத்தார்கள். நல்ல கல்லீரல் திசு பெரும்பாலும் குடலிலிருந்து வரும் சிரை ரத்தத்தில் வாழும், கட்டியோ தமனியை நம்பியிருக்கும். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தும் உத்தி இது. முதல் நாள்களில் உடல் நைந்துபோனது. பிறகு தெம்பு திரும்பி நீந்தவும் எழுதவும் சில மாதங்கள் கிடைத்தன. ஜூலை ஸ்கேனில் கட்டிகள் மறுபடி வளர்ந்திருந்தன. நோயெதிர்ப்பு சிகிச்சை தொடங்கப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க்கில் தம் வீட்டில் இறந்தார், வயது 82.

இரண்டு சதவீதம்

பரவல் தெரிந்ததும் 2015 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. இத்தகைய கட்டிகள் மிக அரிதாகவே பரவும் என்றும், தாம் துரதிர்ஷ்டசாலியான 2 சதவீதத்தில் ஒருவர் என்றும் எழுதியிருந்தார். சில நாள்களில் நாளிதழ் திருத்தம் வெளியிட்டது: கண் மெலனோமா ஏறக்குறைய 50 சதவீதம் பேருக்குப் பரவுகிறது, சாக்ஸ் சொன்ன இரண்டு, அவருடைய நிகழ்வின் தனித்தன்மைகளைக் குறித்தது.

இரண்டுக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரத்தை அச்சுப்பிழையாக ஒதுக்க முடியாது. இரண்டு எண்களுமே தத்தம் இடத்தில் சரியாக இருக்கக்கூடும். ஐம்பது என்பது எல்லா அளவுக் கட்டிகளையும், பல்லாண்டுகளையும் சேர்த்த கணக்கு. ஹெல்சிங்கியில் நோயாளிகளை 35 ஆண்டுகள் தொடர்ந்தவர்கள், இந்த நோயால் இறந்தவர்கள் ஐந்தாண்டில் 31, பதினைந்தில் 45, முப்பத்தைந்தில் 52 சதவீதம் என்றார்கள். அளவால் பிரித்தால் படம் மாறுகிறது. ஃபிலடெல்பியாவில் 8,033 கண்களைப் பார்த்த ஆய்வில், பத்தாண்டுக்குள் பரவியது 3 மில்லிமீட்டர் வரை தடித்த கட்டியில் 12 சதவீதம், 8 வரை 26, அதற்கு மேல் 49. இதோடு நோயாளியின் வயது, கட்டியின் மரபணு, ஏற்கனவே எத்தனை ஆண்டு பரவாமல் கடந்தது என்பதையெல்லாம் சேர்த்தால் ஒருவரின் அபாயம் மிகக் கீழேயும் இறங்கலாம், மேலேயும் ஏறலாம்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இங்கேதான். நோயாளி சாதாரண ஆள் அல்ல, எண்களைப் புரிந்துகொள்ளும் மருத்துவர். அவர் கட்டுரை அச்சேறியபோதே ஒற்றை எண் தங்கி, அதன் நிபந்தனைகள் உதிர்ந்துவிட்டன. நம் புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் "பயப்படாதீர்கள், குறைவுதான்" என்று சொல்லி அனுப்பப்படுகிறவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? எத்தனை ஆண்டுக்குள், எந்த அளவுக் கட்டிக்கு, எதன் அடிப்படையில் என்ற மூன்றையும் எழுதிக் கொடுக்காமல் சதவீதம் சொல்லக்கூடாது. குறைந்த அபாயக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள்தான் பிறகு கல்லீரல் ஸ்கேனுக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

2006-ல் இதைத் துல்லியமாகச் சொல்லும் வசதியும் குறைவு. கட்டிச் செல்களில் மூன்றாம் குரோமோசோமின் ஒரு பிரதி தொலைந்திருந்தால் ஆபத்து என்பது 1996-லேயே தெரியும். அந்தக் குரோமோசோமில் உள்ள பாப்-1 என்ற மரபணுதான் குற்றவாளி என்பது 2010-ல்தான் வெளியானது. இப்போது தகடு வைக்கும்போதே மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நோயைக் கண்டறிய அல்ல, கல்லீரலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க.

2015-க்குப் பிறகு

தோல் மெலனோமாவில் அதிசயங்கள் செய்த நோயெதிர்ப்பு மருந்துகள் கண் மெலனோமாவில் பெரும்பாலும் தோற்கின்றன. தோலின் புற்று வெயிலால் ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகளைச் சுமந்து நிற்பதால் உடலின் காவல் செல்களுக்கு எளிதில் அடையாளம் தெரிகிறது; கண்ணின் புற்றில் பிழைகள் மிகக் குறைவு. பெயர் ஒன்றென்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கொஞ்சம்தான்.

2022 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த டெபென்டஃபஸ்ப், இந்த நோயில் ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து. ஒரு முனையால் மெலனோமாச் செல்லையும் மறுமுனையால் உடலின் காவல் செல்லான டி-செல்லையும் பிடித்துச் சேர்த்து வைக்கும் புரதம் அது. 378 பேரிடம் செய்த சோதனையில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 73 சதவீதம். மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 59. வாரந்தோறும் நரம்பில் ஏற்ற வேண்டும், விலையோ மிக அதிகம். இன்னொரு தடையும் உண்டு. எச்.எல்.ஏ. ஏ-02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது. இந்தியர்களில் அதன் உறவினமான 02:11 பரவலாக இருப்பதால், இங்கே அந்த மருந்துக்குத் தகுதியானவர்கள் குறைவு.

2023 ஆகஸ்டில் அனுமதி பெற்ற மற்றொரு முறைக்குத் திசு வகை தேவையில்லை. கல்லீரலுக்கு வரும் தமனியில் மருந்தைப் பாய்ச்சி, வெளியேறும் சிரையைப் பலூன்களால் அடைத்து, அந்த ரத்தத்தை உடலுக்கு வெளியே வடிகட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். கல்லீரலில் பாதிக்குக் குறைவான பகுதியே பாதிக்கப்பட்டிருந்தால் செய்யலாம். பாய்ச்சும் மருந்து மெல்ஃபலான், ஏப்ராம்சன் குழந்தைகளின் கண் தமனிக்குள் விட்ட அதே மருந்து.